விரிசல் விட்டது தகடு, பழி வெல்டர் மேல்

முதலில் ஒரு ஒப்புதல். போன வருஷம் கோடை லீவில் நான் ஒரு ரிப்போர்ட் டைப் பண்ணினேன். ஒரே பக்கம். அதில் "ரூட் காஸ்" என்ற கட்டத்தில் நான் போட்டது மூன்றே வார்த்தை: புவர் வெல்டர் ஸ்கில். அந்த மூன்று வார்த்தையால் ஒருத்தருக்கு மூன்று நாள் சம்பளம் போச்சு. நான் எழுதியது தப்பு என்று தெரிய எனக்கு ஐந்து மாசம் ஆச்சு.

நான் எல்கேஜியில் இருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா எடிட்டர் டீம் திருத்திடுவாங்கன்னு நம்பறேன். இதை ஏன் தமிழில் எழுதறேன்னு கடைசியில் சொல்றேன்.

அன்றைக்கு நடந்தது

கோவையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. பேர் வேண்டாம், ஏன்னா இது அந்த ஒரு பட்டறையோட கதை மட்டும் இல்லை. ஒரு மாசம் இன்பிளான்ட் ட்ரெய்னிங். ஒரு மெஷினுக்கு அடியில் வைக்கிற பேஸ் பிரேம் செய்துகொண்டிருந்தார்கள். 25 மில்லிமீட்டர் பிளேட். அதன் மேல் குறுக்கே ரிப் வைத்து இரண்டு பக்கமும் ஃபில்லட் வெல்டு.

வெல்டர் அண்ணனுக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். பிளேட் ஓரத்தை கிரைண்டிங் பண்ணும்போதே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்தப் பொறியப் பாருங். பூப்பூவா வெடிக்குது. போன லோடு பிளேட்ல இப்புடி வரலீங்." எனக்கு எல்லாப் பொறியும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. "சரிங்ணா" என்று தலையாட்டிவிட்டு போனைப் பார்க்கப் போய்விட்டேன்.

சாயந்திரம் வெல்டு முடிந்தது. பார்க்க அழகா, ஒரே சீரா, மீன் செதில் மாதிரி இருந்தது. மறுநாள் மதியம் டை பெனிட்ரன்ட் டெஸ்ட் பண்ணினோம். சிவப்பு மையைத் தடவி, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடிப்பார்களே, அதுதான். 14 இணைப்பில் 5 இணைப்பில் சிவப்புக் கோடு வந்தது. கோடு வெல்டு மேல் இல்லை. வெல்டும் பிளேட்டும் சேர்கிற ஓரத்தில், பிளேட் பக்கமாக, தலைமுடி மாதிரி ஓடியது.

சூப்பர்வைசர் பார்த்தார். "கை சரியில்லை" என்றார். கஸ்டமருக்கு ரிப்போர்ட் அனுப்பணும். "தம்பி இங்கிலீஷ் மீடியம்தானே, நல்லா எழுதுவாப்ல" என்று வேலை என்னிடம் வந்தது. எழுதினேன். வெல்டர் அண்ணன் அதில் கையெழுத்துப் போட்டார். ஐந்து இணைப்பையும் வெட்டி எடுத்து மறுபடி போட மூன்று நாள் ஆச்சு. அந்த மூன்று நாளுக்கு அவருக்குக் கூலி இல்லை.

விரிசல் எங்கே, எப்போ?

நம்ம சிலபஸில் வெல்டிங் குறைபாடுகள் என்று ஒரு லிஸ்ட் இருக்கும். போராசிட்டி, ஸ்லாக், அண்டர்கட், கிராக். அதை மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு வந்துடுவோம். விரிசல் எந்த இடத்தில் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டாலே பாதி காரணம் தெரிந்துவிடும் என்பதை நான் ஹாலில் கற்றுக்கொள்ளவில்லை. இங்கே சுருக்கமா சொல்றேன்.

ஒன்று, வெல்டின் நடுவே நீளவாக்கில், போட்ட உடனேயே வருவது. இது சூட்டு விரிசல். இரும்பில் சல்ஃபர் அதிகமா இருந்தால் அது இரும்போடு சேர்ந்து 1000 டிகிரிக்குக் கீழேயும் உறையாத ஒரு கலவையாகிவிடும். சுற்றி எல்லாம் உறைந்த பிறகும் இது மட்டும் மெல்லிய படலமாகத் திரவமாகவே நிற்கும். வெல்டு சுருங்கி இழுக்கும்போது அந்த இடத்தில் பிளந்துவிடும். பாஸ்பரஸும் இதற்கு உதவி செய்யும். நல்ல ராடு போட்டாலும், உருகும் பிளேட்டில் இருந்து சல்ஃபர் வெல்டுக்குள் வந்து சேரும்.

இரண்டு, வெல்டின் ஓரத்தில், பிளேட் பக்கம், சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் இரண்டு நாள் கழித்து வருவது. இது குளிர் விரிசல். எங்கள் பட்டறையில் வந்தது இதுதான்.

இது புரிய ஒரு கொல்லுப்பட்டறையை நினைத்துப் பாருங்க. அரிவாளைச் செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். உடனே கெட்டியாகும். ஏன்? இரும்பில் உள்ள கார்பனுக்கு வெளியே வர நேரம் கிடைக்காமல் உள்ளேயே மாட்டிக்கொள்வதால். அந்தக் கெட்டியான நிலைக்குத்தான் நாம் பரீட்சையில் மார்ட்டென்சைட் என்று எழுதுகிறோம். கெட்டி, ஆனால் சட்டென்று உடையும். வெல்டிங்கில் தண்ணீர் தொட்டி இல்லை. ஆனால் 25 மில்லிமீட்டர் பிளேட் பக்கத்தில் குளிர்ந்து கிடக்கிறது. அது வெல்டின் சூட்டை எல்லாப் பக்கமும் இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் செய்யும் வேலையைத் தகடே செய்துவிடுகிறது. கார்பன் கம்மியா இருந்தால் பெரிய பாதிப்பு இல்லை. அதிகமா இருந்தால் வெல்டை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டை அரிவாள் முனை மாதிரி ஆகிவிடும். அதோடு ஈர ராடு, துரு, எண்ணெய், பெயின்ட் இவற்றில் இருந்து வந்த ஹைட்ரஜன் மெதுவாக அங்கே போய்ச் சேரும். வெல்டு சுருங்கி இழுக்கும். இந்த மூன்றும் கூடினால் நாம் வீட்டுக்குப் போய்த் தூங்கும் நேரத்தில் அது பிளந்து கிடக்கும். அதனால்தான் பெரிய வேலைகளில் 48 மணி நேரம் கழித்து டெஸ்ட் பண்ணச் சொல்கிறார்கள்.

மூன்று, வெல்டுக்குக் கீழே, பிளேட்டுக்கு உள்ளேயே, படிக்கட்டு மாதிரி கிழிவது. இதற்கு லாமெல்லார் டேரிங் என்று பேர். பரோட்டாவைப் பிய்த்துப் பார்த்திருப்பீங்க. நீளவாக்கில் இழுத்தால் தாங்கும். மேலிருந்து தூக்கினால் அடுக்கு அடுக்காக வந்துவிடும். இரும்பில் உள்ள மாங்கனீஸ் சல்ஃபைடு துணுக்குகள் பிளேட்டை உருட்டும்போது தட்டையாகி இப்படி அடுக்கு போட்டுவிடும். மேலே ஒரு ரிப்பை வெல்டு பண்ணினால் அது சுருங்கும்போது அடுக்கைத் தூக்குகிறது. இதில் வெல்டர் என்ன செய்ய முடியும்? அவர் பிளேட்டுக்கு உள்ளே புகுந்து பார்க்க முடியாது.

மூன்றையும் மறுபடி ஒரு தடவை பாருங்க. மூன்றிலும் பாதிக் காரணம் ஆர்க் பற்றவைப்பதற்கு முன்பே பிளேட்டுக்குள் இருக்கிறது.

டிசி இருக்குங்களா?

ட்ரெய்னிங் முடிந்து வரும்போது அந்த பிளேட்டின் ஒரு கட் பீஸை பேப்பர் வெயிட் மாதிரி எடுத்து வந்திருந்தேன். ஏழாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் சாம்பிள்களை ஸ்பெக்ட்ரோ டெஸ்டுக்குக் கொண்டு போனபோது, சும்மா பார்ப்போமே என்று இதையும் கொடுத்தேன். கோவையில் ஃபவுண்டரிகள் நிறைய இருப்பதால் ஸ்பெக்ட்ரோ லேப் தேடி அலைய வேண்டியதில்லை. சில நிமிஷத்தில் ரிசல்ட் வந்தது.

கார்பன் 0.27. மாங்கனீஸ் 1.14. சல்ஃபர் 0.052.

இப்போ நம்ம இரண்டு மார்க் கேள்வியை எடுங்க. கார்பன் ஈக்விவலன்ட். கார்பனோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் கூட்டலில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல், காப்பர் கூட்டலில் பதினைந்தில் ஒரு பங்கு. என் பீஸில் மற்றதெல்லாம் சொற்பம். 0.27 கூட்டல் 0.19, ஆக 0.46.

நாம் சாதாரணமாக வாங்கும் ஸ்ட்ரக்சுரல் பிளேட்டுக்கு ஐ.எஸ். 2062 என்று ஸ்டாண்டர்டு இருக்கிறது. அதில் ஈ250 கிரேடு ஏ பிரிவுக்குக் கார்பன் 0.23-க்கு மேல் போகக்கூடாது. சல்ஃபர், பாஸ்பரஸ் தலா 0.045. கார்பன் ஈக்விவலன்ட் 0.42. என் பேப்பர் வெயிட் கார்பன், சல்ஃபர், ஈக்விவலன்ட் மூன்றிலும் ஃபெயில். கார்பன் 0.18, மாங்கனீஸ் 0.90 உள்ள ஒரு நல்ல பிளேட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 0.33 வரும். 0.33-க்கும் 0.46-க்கும் நடுவில்தான் அந்த அண்ணனோட மூன்று நாள் கூலி இருந்தது.

அவர் காட்டிய பொறி ஞாபகம் வந்தது. அதற்கு ஸ்பார்க் டெஸ்ட் என்றே பேர், புத்தகத்திலேயே இருக்கிறது. கார்பன் கூடக் கூடப் பொறி அதிகமாகக் கிளைவிட்டுப் பூ மாதிரி வெடிக்கும். லேப் சொன்னதை அவர் கிரைண்டிங் மெஷினை வைத்து ஐந்து மாசம் முன்னாடியே சொல்லிவிட்டார். கேட்க வேண்டியவன் போனில் இருந்தேன்.

சரி, அந்த பிளேட் எப்படி உள்ளே வந்தது? பில்லை நானே பார்த்திருக்கிறேன். "எம்.எஸ். பிளேட் 25 எம்எம்", எத்தனை கிலோ, எவ்வளவு ரூபாய். அவ்வளவுதான். கிரேடு இல்லை, ஹீட் நம்பர் இல்லை, டிசி இல்லை.

டிசி என்றதும் காலேஜை விட்டுப் போகும்போது வாங்குவதை நினைக்காதீங்க. இது டெஸ்ட் சர்டிஃபிகேட். ஒரு உலையில் ஒரு தடவை உருக்கி எடுக்கும் இரும்புக்கு ஒரு ஹீட் நம்பர் கொடுப்பார்கள். அந்த நம்பர் பிளேட்டின் ஒரு மூலையில் இருக்கும். அதே நம்பர் போட்ட காகிதத்தில் கார்பன் எவ்வளவு, சல்ஃபர் எவ்வளவு, எத்தனை எம்பிஏ தாங்கும் எல்லாம் இருக்கும். ஆதார் கார்டு மாதிரி. ஆனால் முழு பிளேட்டை வெட்டி விற்கும்போது நம்பர் இருக்கும் மூலை ஒருத்தரிடம் போய்விடும். மிச்சப் பீஸ்கள் எல்லாம் பேர் ஊர் தெரியாத பிளேட் ஆகிவிடும். வெட்டும் முன் அந்த நம்பரை ஒவ்வொரு பீஸிலும் பஞ்ச் அடித்தால் போதும். சுத்தியலும் நம்பர் பஞ்சும்தான் செலவு.

உலகம் ஏற்கெனவே படித்த பாடம்

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீங்க. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டியது. ரிவெட் அடிக்க நேரமில்லை, அதனால் வெல்டிங். அதே காலத்தில் கட்டிய ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் 1943 ஜனவரி 16 அன்று போர்ட்லாண்ட் துறையில், அலையே இல்லாத தண்ணீரில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. லிபர்ட்டி கப்பல்களிலும் பல விரிசல் விட்டன. பழி முதலில் எங்கே விழுந்திருக்கும்? வெல்டிங் மேல்தான். வெல்டிலும் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி அந்த இரும்பையே எடுத்து ஆராய்ந்தார். குளிர் ஒரு அளவைத் தாண்டினால் அந்த இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது என்று காட்டினார். ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு பிளேட்டோடு நின்றுவிடும். வெல்டு பண்ணிய கப்பலில் நிற்க இடம் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. இது நான் மேலே சொன்ன மூன்று வகையில் சேராத விரிசல். ஆனால் "பிளேட்டையும் கேளு" என்ற பாடம் அதேதான்.

நம்ம கதைக்கு இன்னும் நெருக்கமானது மெல்போர்னில் உள்ள கிங் ஸ்ட்ரீட் பாலம். 1961-இல் திறந்தார்கள். 1962 ஜூலை 10, அங்கே குளிர்காலம். காலையில் சுமார் 45 டன் எடை வண்டி ஒன்று ஏறியதும் ஒரு ஸ்பானின் கர்டர்கள் உடைந்து இறங்கின. அடியில் இருந்த சுவர்கள் தாங்கியதால் முழுசா விழவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை. விசாரணைக்கு ராயல் கமிஷன் போட்டார்கள். எடை குறைய வேண்டும் என்று அதிக வலிமை உள்ள இரும்பைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த வலிமை கார்பனும் மாங்கனீஸும் கூட இருப்பதால் வந்தது. அதாவது வெல்டு பண்ணக் கஷ்டமான இரும்பு. கர்டரின் அடியில் ஒட்டிய கவர் பிளேட் முடியும் இடத்தில், குறுக்கே போட்ட வெல்டின் ஓரத்தில் விரிசல். பாலம் திறக்கும் முன்பே சில விரிசல்கள் இருந்திருக்கின்றன, யார் கண்ணிலும் படவில்லை.

என் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்க. வெல்டு ஓரம், குறுக்கே ஒட்டிய பிளேட், கார்பன் அதிகம், டெஸ்டில் கவனக்குறைவு. அங்கே இரும்பு யார் தேர்ந்தெடுத்தது, யார் செய்தது, யார் சோதித்தது என்று வரிசையாகக் கேட்டார்கள். நான் ஒரு கட்டத்தில் மூன்று வார்த்தை போட்டு முடித்துவிட்டேன்.

நம்ம ஊருக்கு இது ஏன் முக்கியம்?

கொங்கு நாட்டில் வெல்டிங் இல்லாமல் எது ஓடுது? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க போர்வெல் போடுகின்றன. நாமக்கல்லில் இருந்து கேஸ் டேங்கர்கள் ஓடுகின்றன. கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்கும் காற்றாலைக் கோபுரம் ஒவ்வொன்றும் தடித்த பிளேட்டை உருட்டி வெல்டு பண்ணியது. திருப்பூர் சாயப்பட்டறைகளில் பாய்லர்.

இதில் பாய்லரை மட்டும் கவனிங்க. 1950-இன் இந்திய பாய்லர் விதிகள்படி, பிளேட்டைத் தயாரித்தவரின் சர்டிஃபிகேட் இல்லாமல் அந்த பிளேட்டை பாய்லரில் வைக்க முடியாது. திருச்சி பெல் வளாகத்தில் 1975-இல் இருந்து வெல்டிங்குக்கு என்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதாவது நம்ம மாநிலத்திலேயே, கோவையில் இருந்து சில மணி நேரப் பயணத்தில், இதை எப்படிச் செய்யணும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பாய்லர் வெடித்தால் ஆள் சாவான் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு பேஸ் பிரேமுக்கோ, ஹாய்ஸ்ட் தொங்கும் பீமுக்கோ, பட்டறையின் கேன்ட்ரிக்கோ டிசி எங்கே என்று யாரும் வந்து கேட்பதில்லை. அதன் கீழேயும் ஆள்தான் நிற்கிறான்.

"சும்மா தியரி பேசாதே"

இதைச் சொன்னபோது என் ரூம்மேட் இரண்டு கேள்வி கேட்டான். உங்களுக்கும் தோன்றும்.

முதல் கேள்வி: "எல்லாத்துக்கும் பிளேட்தான் காரணம்னா, வெல்டர் தப்பே பண்ண மாட்டாரா?" பண்ணுவார். ஈர ராடை எடுத்துப் போடுவது, ஸ்லாக் தட்டாமல் மேலே போடுவது, அவசரத்தில் கரன்டை ஏற்றுவது எல்லாம் உண்டு. நல்ல பிளேட்டையும் கெட்ட வேலை கெடுக்கும். அதே மாதிரி கார்பன் அதிகமான பிளேட்டையும் சரியான முறையில் விரிசல் இல்லாமல் போட முடியும். எங்கள் பிளேட்டை 100, 150 டிகிரிக்கு முன்கூட்டியே சூடு பண்ணி, ஓவனில் காய வைத்த 7018 ராடு போட்டு, வெல்டு முடிந்ததும் சாக்கு போர்த்தி மெதுவா ஆற விட்டிருந்தால் அந்தக் கோடுகள் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு முதலில் அது எந்த பிளேட் என்று தெரியணும். அங்கே ஓவனே இல்லை. ராடு 6013, பாக்கெட் பிரித்து ஒரு வாரம் ஆனது. பிளேட்டை வாங்கியது அவர் இல்லை. ராடை வாங்கியதும் அவர் இல்லை. சூடு பண்ண கேஸ் கேட்டிருந்தால் திட்டு விழுந்திருக்கும். முடிவு எல்லாம் ஆபீஸ் ரூமில், தண்டனை மட்டும் ஷாப் ஃப்ளோரில். எனக்கு இதில்தான் கோபம்.

இரண்டாவது கேள்வி: "சின்னப் பட்டறை ஓனர் என்ன பண்ணுவார்? கிலோவுக்கு ரெண்டு ரூபா ஏறினாலும் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போயிரும்." இது நியாயமான கேள்வி. என் அப்பாவும் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர்தான். மாசக் கடைசியில் சம்பளம் போட அவர் படும் பாடு எனக்குத் தெரியும். ஓனர்களை வில்லன் ஆக்க இதை எழுதவில்லை. ஆனால் கணக்கை முழுசா போடுவோம். ஐந்து இணைப்பை வெட்டி எடுத்து மறுபடி போட்ட மூன்று நாள், அதற்குப் போன கிரைண்டிங் வீல், ராடு, கரன்ட், டெலிவரி தள்ளிப்போனதால் கஸ்டமரிடம் வாங்கிய திட்டு. பிளேட்டில் மிச்சம் பிடித்தது அதில் கரைந்திருக்கும். கரைந்தது யார் கணக்கில் போகிறது என்பதில்தான் தந்திரம். வெல்டர் கூலியில் பிடித்துவிட்டால் ஓனர் புக்கில் அந்த பிளேட் இன்னும் சீப்பான பிளேட்தான். அடுத்த தடவையும் அதையே வாங்குவார்.

இன்னொன்றும் சொல்லணும். கார்பன் அதிகமான இரும்பு கெட்ட இரும்பு இல்லை. லாரி ஸ்பிரிங் பட்டைக்கும், அரிவாளுக்கும் அதுதான் வேணும். லாரி ஸ்பிரிங் உடைந்தால் எந்த மெக்கானிக்கும் வெல்டு வைத்து அனுப்ப மாட்டார், பட்டையை மாற்றுவார். அவருக்கு எந்த டிசியும் தேவைப்படவில்லை, இரும்பு என்னவென்று தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியாமல் வந்து சேரும் இரும்புதான் ஆபத்து.

நாம் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் நம்மில் பலர் அடுத்த வருஷம் குவாலிட்டி, புரொடக்‌ஷன், பர்ச்சேஸ் என்று எங்கேயாவது உட்காரப் போகிறோம். அந்த "ரூட் காஸ்" கட்டம் நம்ம முன்னாடி வரும். அப்போ இதையெல்லாம் ஞாபகம் வைங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு பிளேட் வாங்கப் போனாலே ஆரம்பிக்கலாம். "டிசி இருக்குங்களா?" என்று ஒரு தடவை கேளுங்க. சில கடையில் சிரிப்பாங்க. பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு ஜெராக்ஸ் எடுத்து வைப்பாங்க. டிசி கிடைத்தால் ஹீட் நம்பர் பிளேட்டில் இருக்கிறதோடு ஒத்துப்போகுதா என்று பாருங்க. பொருத்தம் இல்லாத டிசி வெறும் காகிதம். டிசி இல்லாத பிளேட்தான் கிடைக்கும் என்றால், ஒரு துண்டை ஸ்பெக்ட்ரோ பார்த்துவிட்டு, கணக்கைப் போட்டுவிட்டு, அதற்கு ஏற்ற ராடும் சூடும் முடிவு பண்ணுங்க.

விரிசல் வந்தால் முதலில் எங்கே, எப்போ என்று எழுதுங்க. பிளேட், ராடு, சூடு, டிசைன் இந்த நான்கையும் கேட்ட பிறகு கடைசியாக வெல்டரிடம் வாங்க. வரும்போதும் "ஏன் இப்படிப் பண்ணினீங்க?" என்று ஆரம்பிக்காமல், "பிளேட் எப்படி இருந்துச்சுங்ணா?" என்று கேளுங்க. அவர் சொல்வது லேப் ரிப்போர்ட்டுக்கு ஐந்து மாசம் முன்னாடி வரும்.

நம்ம டிபார்ட்மென்டுக்கும் ஒரு வேண்டுகோள். கார்பன் ஈக்விவலன்ட் ஃபார்முலாவை இரண்டு மார்க்குக்கு எழுத வைக்கிறீங்க. சரி. லேபில் ஒரு நாள் ஒரு நிஜமான டிசியைக் கையில் கொடுங்க. அதே நாள் ஒரு அனுபவமுள்ள வெல்டரைக் கூப்பிட்டு கிரைண்டிங் மெஷினில் மூன்று வகை இரும்பின் பொறியைக் காட்டச் சொல்லுங்க. கெஸ்ட் லெக்சருக்கு ஆள் தேடும்போது அவரையும் ஒரு கெஸ்டா நினைங்க.

ஸ்பெக்ட்ரோ ரிசல்ட் வந்ததும் நான் முதலில் அந்தச் சூப்பர்வைசருக்கு போன் பண்ணினேன். "அதெல்லாம் முடிஞ்சு போச்சுப்பா, ஜாப் டெலிவரியே ஆயிருச்சு" என்று வைத்துவிட்டார். அப்புறம் விசாரித்துப் போய் வெல்டர் அண்ணனைப் பார்த்தேன். இப்போ வேறு பட்டறையில் இருக்கிறார். ரிசல்ட் பேப்பரைக் காட்டி, நம்பர் எல்லாம் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். "பிளேட்டு சரியில்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங் தம்பி. ஆனா அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம கையெழுத்துப் போட்டேன். இங்கிலீசுல இருந்துச்சுல்ல" என்றார்.

நான் எழுதிய மூன்று வார்த்தையை அவரால் படிக்க முடியவில்லை. படித்திருந்தால் அன்றைக்கே "இல்லீங், பிளேட்டைப் பாருங்" என்று சொல்லியிருப்பார், நானும் பார்த்திருப்பேனோ என்னவோ. மூன்று நாள் கூலியை நான் திருப்பித் தர முயன்றேன், வாங்கவில்லை. அதனால் இதையாவது அவர் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். லிங்க்கை அவருக்கு வாட்ஸ்அப் பண்ணப் போறேன். நீங்களும் உங்களுக்குத் தெரிந்த ஒரு வெல்டருக்கு அனுப்புங்க. நான் எழுதியதில் எங்கே தப்பு இருக்கு என்று அவங்க சொன்னால் அடுத்த இதழில் போடுவோம்.